பிக்கப் வண்டில டயர் பிரஷர் லைட் எரியுதா? எத முதல்ல பண்ணணும், எத கடைசியா பண்ணணும்

டேஷ்போர்டுல அந்த குதிரை லாட மாதிரி இருக்குற மஞ்சள் லைட், நடுவுல ஆச்சரியக்குறி போட்டது, அது எரிஞ்ச உடனே சென்சார் ஆர்டர் போட்டுட்டு அப்புறம் "நாலு சென்சாரும் மாத்திட்டேன் இன்னும் எரியுது"ன்னு வர்றவங்கள நிறைய பார்த்தாச்சு. வேலை தெரியாததால வர்ற பிரச்சனை இல்ல இது, வரிசை மாறிப்போறதால வர்றது. காத்து அளக்குற கேஜ் முதல்ல, சென்சார படிக்கிற ஸ்கேன் டூல் ரெண்டாவது, ஸ்பானர் கடைசி. இத தலைகீழா பண்ணினா காசும் போகும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போகும்.

கார்ல பண்ற மாதிரியேதானே, பிக்கப்புக்கு என்ன தனியான்னு கேட்டா, இருக்கு. முன்னாடி பின்னாடி வேற வேற பிரஷர், 80 பிஎஸ்ஐ வரைக்கும் போற எல்டி டயர் (லைட் டிரக், அதாவது கூட எடை தாங்குற டயர்), மணல்ல காத்து இறக்கி ஓட்டுறது, அடியில தொங்குற பெரிய ஸ்டெப்னி, இது ஒவ்வொண்ணும் ஒரு இடத்துல கால வாரிவிடும்.

1. லைட் நிக்குதா, மின்னுதான்னு பாருங்க

வண்டிய ஆன் பண்ணி டேஷ்போர்டையே பார்த்துட்டு உக்காருங்க. லைட் எரிஞ்சு அப்படியே நின்னா ஏதோ ஒரு டயர்ல காத்து கம்மின்னு அர்த்தம். ஒரு நிமிஷத்துல இருந்து ஒன்றரை நிமிஷம் வரைக்கும் மின்னிட்டு அதுக்கப்புறம் நின்னு எரிஞ்சா காத்து பிரச்சனை இல்ல, சிஸ்டமே ஏதோ ஒரு சென்சார்கிட்ட பேச முடியாம தவிக்குது.

இந்த வித்தியாசத்த தவற விடுறதுதான் முதல் தப்பு. ஏன்னா எல்லாரும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி கிளம்பின பிறகுதான் லைட்ட பார்க்குறாங்க, அதுக்குள்ள மின்னுறது முடிஞ்சு நின்னு எரியுது, உடனே காத்து அடிக்கிறாங்க, அணையல, இன்னும் கொஞ்சம் அடிக்கிறாங்க.

இன்னொண்ணையும் இப்பவே முடிவு பண்ணிக்கங்க. ஸ்கிரீன்ல ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியா நம்பர் காட்டுதுன்னா சக்கரத்துக்குள்ள சென்சார் இருக்கு. நம்பர் எதுவும் காட்டாம ஒரு ரீசெட் பட்டன் மட்டும் இருந்தா, அது ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பார்க்குற சிஸ்டம்) மூலமா சக்கரம் சுத்துற வேகத்த வச்சு கணக்கு போடுற டைப்பா இருக்கலாம், மேனுவல்ல ஒரு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கங்க. அந்த டைப்ல நாலு டயரும் ஒரே மாதிரி மெதுவா இறங்கினா அதுக்கு தெரியவே தெரியாது, ஏன்னா அது ஒரு டயர இன்னொரு டயரோட ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்குது. அந்த வண்டிக்கு காத்த சரியா அடிச்சுட்டு ரீசெட் பண்ணினா வேலை முடிஞ்சுது, கீழ இருக்குற சென்சார் கதையெல்லாம் உங்களுக்கு தேவையில்ல.

2. கைல இருக்க வேண்டியது

நல்ல டிஜிட்டல் கேஜ் ஒண்ணு, 100 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுறது. பென்சில் மாதிரி இருக்குற கேஜ் 35க்கும் 38க்கும் நடுவுல எங்கயோ நிக்கும், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ஸ்ப்ரே பாட்டில்ல சோப்புத் தண்ணி. ஒரு நோட்டு, பேனா, இது ரொம்ப முக்கியம், ஏன்னு அஞ்சாவதுல சொல்றேன்.

சென்சார் மாத்துறதா இருந்தா டிபிஎம்எஸ் (டயர் பிரஷர கண்காணிக்கிற சிஸ்டம்) டூல் வேணும். சென்சார எழுப்பி அதோட ஐடி (ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள தனி நம்பர்), பிரஷர், டெம்பரேச்சர படிக்கிற கருவி இது. ரொம்ப சீப்பான ஒண்ணு எழுப்ப மட்டும் செய்யும், படிக்காது. படிக்கிற டூலா பார்த்து வாங்குங்க, இல்லன்னா டூல் வச்சிருக்கவங்ககிட்ட ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்க.

3. டயர் சூடாகுறதுக்கு முன்னாடி கேஜ் போடுங்க

வண்டி குறைஞ்சது 3 மணி நேரம் நின்னிருக்கணும், ஓட்டியிருந்தாலும் ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக்கூடாது. டிரைவர் கதவு சட்டத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்குற நம்பர் எல்லாமே குளிர்ந்த டயருக்கானது. ஓடி வந்த டயர்ல பார்த்தா சில பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அத பார்த்துட்டு "சரியாத்தானே இருக்கு"ன்னு விட்டுட்டா மறுநாள் காலைல லைட் திரும்ப எரியும். சாயங்காலம் அணைஞ்சு காலைல எரியுற லைட்டுக்கு பெரும்பாலும் இதான் காரணம், சென்சார் மேல ஒரு தப்பும் இல்ல.

வெப்பநிலை ஒரு அஞ்சரை டிகிரி செல்சியஸ் இறங்கினா 35 பிஎஸ்ஐ டயர்ல கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ போகும். 80 பிஎஸ்ஐ அடிச்ச டயர்ல அதே அஞ்சரை டிகிரிக்கு 1.7க்கு மேல போகும், ஏன்னா இறங்குறது மொத்த பிரஷர பொறுத்து இறங்குது. கார்ல பழகுன கணக்க வச்சு ஹெவி டியூட்டி பிக்கப்ப பார்க்குறவங்க "டயர் லீக்காகுது போல"ன்னு பதறுறது இதனாலதான்.

டயரோட பக்கவாட்டுல அச்சடிச்சிருக்குற நம்பர எடுத்து அடிக்காதீங்க. அது அந்த டயரோட அதிகபட்ச லோடுக்கு உள்ள பிரஷர், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. ஸ்டிக்கர்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் இருக்கலாம், ரெண்டையும் நோட்டுல எழுதுங்க.

இப்ப ஒரு கணக்கு. அமெரிக்காவுல இந்த சிஸ்டத்துக்கான விதி எஃப்எம்விஎஸ்எஸ் 138, அதுப்படி ஸ்டிக்கர் பிரஷர்ல இருந்து 25 சதவீதம் இறங்கினா லைட் எரிஞ்சாகணும், அதுவும் 20 நிமிஷத்துக்குள்ள. 35ல 25 சதவீதம் போனா சுமார் 26. அதாவது உங்க டயர் 28ல ஓடிட்டு இருக்கும்போது லைட் சும்மா இருக்கலாம், ஆனா டயர் 20 சதவீதம் பட்டினி. பின்னாடி டிரெய்லர் இழுத்துட்டு போறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, சைடுவால் மடங்கி மடங்கி சூடாகித்தான் டயர் வெடிக்குது. லைட் எரியல, அதனால காத்து சரியா இருக்குன்னு நினைக்கவே நினைக்காதீங்க.

அந்த விதி மொத்த எடை 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்குத்தான். பின்னாடி இரட்டை டயர் போட்ட வண்டிகளுக்கு விதிவிலக்கு இருக்கு. அதனால பெரிய பிக்கப் வச்சிருந்தா உங்க வண்டில இது இருக்கான்னே ஒரு தடவை பார்த்துக்கங்க. இல்லாத சென்சார தேடி உள் டயருக்கு கைய விட்டுட்டு இருந்த ஒருத்தர எனக்குத் தெரியும்.

நாலையும் ஸ்டிக்கர் நம்பருக்கு அடிச்சுட்டு ஸ்டெப்னியையும் பாருங்க. சில வண்டில ஸ்டெப்னிக்குள்ளயும் சென்சார் இருக்கும், அடியில சங்கிலில தொங்கிட்டு இருக்குற அத யாரும் வருஷக்கணக்கா தொட்டிருக்க மாட்டாங்க. அடிச்சு முடிச்சு 20 நிமிஷம் ஓட்டிப் பாருங்க. நிறைய பேருக்கு கதை இங்கயே முடிஞ்சுடும்.

4. எல்டி டயர் மாத்தியிருந்தா ஸ்டிக்கர் நம்பர் ஒத்துவராது

வண்டியோட வந்தது சாதாரண பி வகை (கார்ல வர்ற மாதிரி) டயர், நீங்க போட்டது முரட்டு எல்டி டயர்னா, அதே 35ல அது அதே எடைய தாங்காது. கெட்டியான டயர்தானே, கம்மியா அடிச்சா போதும்னு நினைக்கிறது தப்பு, நேர்மாறா கூடத்தான் அடிக்கணும். எவ்வளவுன்னு டயர் கம்பெனி போடுற லோடு டேபிள்ல இருக்கும், பழைய டயர் அந்த பிரஷர்ல எவ்வளவு எடை தாங்குச்சோ அதே எடைக்கு புது டயருக்கு எவ்வளவு வேணும்னு பாருங்க.

இதுல ஒரு கண்ணி இருக்கு. நீங்க 50 அடிச்சு ஓட்டினாலும் வண்டியோட கம்ப்யூட்டர் இன்னும் 35 வச்சுத்தான் கணக்கு போடும். 50ல இருந்து 30க்கு இறங்கினாலும் லைட் வாயத் திறக்காது. சில வண்டில டூல் வச்சு உள்ள இருக்குற ஸ்டிக்கர் நம்பர மாத்தலாம். அது முடியாதுன்னா கேஜ்தான் உங்க சிஸ்டம், மாசத்துக்கு ரெண்டு தடவை.

5. எதையும் கழட்டாதீங்க, முதல்ல எல்லாத்தையும் படிங்க

லைட் மின்னுற கேஸ் இங்க இருந்து ஆரம்பிக்குது. டூல வால்வுக்குப் பக்கத்துல சைடுவால் மேல வச்சு பட்டன அழுத்துங்க. டயரோட மேல்பக்கத்துல, ரோட்ட தொடுற இடத்துல வச்சா உள்ள இருக்குற இரும்புக் கம்பி சிக்னல முழுங்கிடும்.

முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடதுன்னு வண்டிய சுத்தி வாங்க, கடைசியா ஸ்டெப்னி. ஒவ்வொண்ணுக்கும் ஐடி, பிரஷர், டெம்பரேச்சர், பேட்டரி நிலைமை எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. அப்புறம் டூல் காட்டுன பிரஷரையும் கேஜ் காட்டுனதையும் ஒப்பிடுங்க. ஒண்ணு ரெண்டு வித்தியாசம் பரவால்ல, எட்டு பத்து வித்தியாசம்னா சென்சார் பொய் சொல்லுது. பஞ்சருக்கு டப்பால இருந்து பசை அடிச்சிருந்தீங்கன்னா சென்சாரோட குட்டி ஓட்டை அடைச்சுப் போயிருக்கலாம்.

நாலு சென்சாரும் படிக்குது, ஆனாலும் லைட் மின்னுதா? அப்ப சென்சார் நல்லாத்தான் இருக்கு, வண்டிக்கு அந்த ஐடி தெரியல, நேரா எட்டாவதுக்கு போங்க. ஒண்ணு மட்டும் படிக்கலன்னா வண்டிய ஒரு அடி நகர்த்தி இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் இல்லன்னா பெரும்பாலும் சென்சாருக்குள்ள இருக்குற பேட்டரி போச்சு. இந்த பேட்டரிய மாத்த முடியாது, பிசினுக்குள்ள புதைச்சு வச்சிருப்பாங்க, 5ல இருந்து 10 வருஷம் ஓடும். 8 வருஷ வண்டில ஒண்ணு போச்சுன்னா மத்த மூணும் வரிசைல நிக்குதுன்னு வச்சுக்கங்க, டயர் மாத்துற நேரமா இருந்தா நாலையும் சேர்த்து மாத்துறதுதான் புத்தி. டயர கழட்டி மாட்டுற கூலிய நாலு தடவை குடுக்க வேணாம்.

ஐடிய இப்பவே எழுதச் சொல்றது ஏன்னா, டயர கழட்டுறப்ப சென்சார் உடைஞ்சுட்டா அதுக்கப்புறம் அந்த ஐடி உங்களுக்கு கிடைக்காது. கைல பழைய ஐடி இருந்தா புது சென்சாருக்குள்ள அதையே காப்பி பண்ணிடலாம், வண்டிக்கு சென்சார் மாறினதே தெரியாது, ரீலேர்னும் (புது சென்சார வண்டிக்கு அறிமுகப்படுத்துறது) பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு வரி எழுதாததால ஒரு மணி நேரம் கூடுதலா உழைக்கிறவங்கள அடிக்கடி பார்க்குறேன்.

6. சென்சார் வாங்கும்போது மூணு விஷயம்

அலைவரிசை 315 மெகாஹெர்ட்ஸா 433ஆன்னு பாருங்க. ஒரே மாடல் வண்டி வேற வேற நாட்டுக்கு வேற வேற அலைவரிசைல போயிருக்கும், அதனால மாடல் பேர வச்சு வாங்காம பழைய சென்சார் மேல இருக்குறத, இல்ல டூல் காட்டுறத வச்சு வாங்குங்க.

புரோகிராம் பண்ற சென்சார்னா மாட்டுறதுக்கு முன்னாடியே புரோகிராம் பண்ணுங்க. வெறும் சென்சார மாட்டி காத்து அடிச்சுட்டு அப்புறம் டூல எடுக்குறவங்க இருக்காங்க, சிலது டயருக்குள்ள இருந்தும் ஏத்திக்கும், சிலது அடம் பிடிக்கும்.

மூணாவது வால்வு. ரப்பர் வால்வுல சாதாரணமா வர்ற டிஆர்413 வகை 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான் தாங்கும். நீங்க பின்னாடி 75, 80 அடிக்கிற ஆளுன்னா மெட்டல் வால்வோ, அந்த பிரஷருக்குன்னே வர்ற வால்வோ போடுங்க. பிக்கப்புல இத பார்க்காம விடுறது ஆபத்து.

7. கழட்டுறது, மாட்டுறது

இத டயர் கடைல குடுத்து பண்ணினாலும் பக்கத்துல நின்னு ரெண்டு விஷயம் சொல்லுங்க. டயர ரிம்ல இருந்து பிரிக்கிற மெஷினோட தகடு வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கணும், சென்சார் வால்வோடதான் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், தகடு அந்தப் பக்கம் அழுத்தினா டப்புனு ஒரு சத்தம், முடிஞ்சுது. மாட்டும்போதும் டயரோட கடைசி விளிம்பு இறங்குற இடத்துல சென்சார் இருக்கக்கூடாது.

பழைய சென்சாரையே திரும்ப போடுறீங்கன்னா ரப்பர் வாஷர், நட், வால்வு பின், மூடி எல்லாம் சேர்ந்த சர்வீஸ் கிட் புதுசா போடுங்க. ரப்பர் ஒரு தடவை நசுங்கினா அந்த வடிவத்துலயே நின்னுடும், ரெண்டாவது தடவை ஊசி முனை அளவுக்கு கசியும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை லைட் எரியும், நீங்க ஆணி தேடிட்டு இருப்பீங்க.

அலுமினிய வால்வுக்குள்ள பித்தளை பின்ன போடாதீங்க, வெள்ளியா தெரியுற நிக்கல் பூசினதுதான் போடணும். ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல ஈரம், உப்பு, அரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நான் ஒரு தடவை கைல கிடைச்ச பித்தளை பின்ன போட்டுட்டு மறந்துட்டேன். அடுத்த வருஷம் திருகுனா பின் திரும்பல, வால்வோட கழுத்தே திரும்பி கைல வந்துச்சு, பச்சைப் பூஞ்சை பிடிச்ச மாதிரி ஒரு துண்டு. நல்லா இருந்த சென்சார் அதோட போச்சு. பளபளன்னு இருக்குற மெட்டல் மூடியும் இதே வேலைய பண்ணும், பிளாஸ்டிக் மூடியே போதும்.

நட்ட சென்சார் பேப்பர்ல குடுத்திருக்குற டார்க் அளவுக்கு மட்டும் முறுக்குங்க, கை கணக்குல முறுக்கினா அலுமினியம் விரிசல் விடும். காத்து அடிச்சு வால்வு அடில சோப்புத் தண்ணி அடிங்க. ஒரு நிமிஷம் பாருங்க, சின்னக் கசிவு உடனே குமிழ் விடாது.

8. ரீலேர்ன், இங்கதான் ரொம்ப பேர் வழுக்குறாங்க

முன்னாடி சொன்னத மறுபடி சொல்றேன், முதல்ல நாலுலயும் காத்து சரியா இருக்கணும். காத்து கம்மியா வச்சு ரீலேர்ன் பண்ணினா அது முடிஞ்ச உடனே லைட் எரியும், நீங்க ரீலேர்ன் தோத்துப்போச்சுன்னு நினைச்சு திரும்ப பண்ணுவீங்க.

மூணு வகை இருக்கு. ஒண்ணு, ஓட்டினா தானா கத்துக்குறது. பத்து இருபது நிமிஷம் நிக்காம ஓட்டணும், டிராஃபிக்ல நின்னு நின்னு போனா அது கணக்குல வராது, ஏன்னா சக்கரம் ஒரு வேகத்துக்கு மேல சுத்தும்போதுதான் சென்சார் முழிச்சுக்கிட்டு அடிக்கடி பேசும். ரெண்டு, நிறுத்தி வச்சு ஒவ்வொரு சக்கரமா சொல்லிக்குடுக்குறது. மூணு, ஓபிடி பிளக்குல (வண்டி கம்ப்யூட்டரோட பேச டேஷ்போர்டுக்கு கீழ இருக்குற பிளக்) டூல சொருகி ஐடிகள நேரா உள்ள எழுதுறது. டொயோட்டா டகோமால பல வருஷ மாடல்களுக்கு இந்த மூணாவதுதான், அங்க ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்குற செட் பட்டன அழுத்தினா புது சென்சார் சேர்ந்துடும்னு நம்பி அழுத்திட்டே இருக்காங்க. அந்த பட்டன் பிரஷர் அளவ பதியிறதுக்கு, ஐடிய சேர்க்குறதுக்கு இல்ல.

நிறுத்தி வச்சு பண்றதுக்கு ஷெவ்ரோலே சில்வராடோவ உதாரணமா எடுத்துக்கலாம். ரீலேர்ன் மோடுக்கு போனா ஹாரன் ரெண்டு தடவை அடிக்கும். முன் இடதுல இருந்து ஆரம்பிச்சு முன் வலது, பின் வலது, பின் இடது. ஒவ்வொண்ணும் பதிஞ்ச உடனே ஹாரன் ஒரு தடவை. முதல் டயருக்கு 2 நிமிஷம், மொத்தத்துக்கு 5 நிமிஷம், தாண்டினா முதல்ல இருந்து. அதனால வால்வு மூடி, டூல் எல்லாம் தயாரா வச்சுட்டு மோடுக்குள்ள போங்க, போயிட்டு டூல் சார்ஜ் இல்லன்னு தேடாதீங்க. பழைய ஃபோர்டு எஃப்-150ல சாவிய மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணி, பிரேக்க மிதிச்சு, மறுபடி மூணு தடவைன்னு ஒரு சடங்கு இருக்கு. உங்க மாடலுக்கு எதுன்னு மேனுவல்ல பார்த்துட்டே பண்ணுங்க.

இப்ப எனக்கு நடந்தது. ரீலேர்ன் பண்ணும்போது பின் இடது பக்கம் சுவர்ல கழட்டி வச்ச ஒரு பழைய சக்கரம் சாஞ்சிருந்துச்சு, உள்ள உயிரோட சென்சார். ஹாரன் அழகா அடிச்சுது, எல்லாம் பச்சை. மூணு நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன், வீட்டுப் பக்கத்துலயே ஓட்டும்போது மத்த மூணும் 3, 4 பிஎஸ்ஐ ஏறுது, பின் இடது மட்டும் 33லயே சிலை மாதிரி நிக்குது. மறுநாள் தூரமா போனதும் நம்பருக்கு பதிலா கோடு கோடா காட்ட ஆரம்பிச்சுது. சுவர்ல சாஞ்சிருந்த டயரோட பிரஷர வண்டி படிச்சுட்டு இருந்திருக்கு. ரீலேர்ன் பண்ற இடத்துல இருந்து மத்த சக்கரம், கழட்டின சென்சார், பக்கத்து வண்டி எல்லாத்தையும் தள்ளி வைங்க, ஒரு பத்து மீட்டராவது.

முடிஞ்ச பிறகு சரிபார்க்க ஒரே வழி, ஒரு டயர்ல 5 பிஎஸ்ஐ இறக்கி கொஞ்ச தூரம் ஓட்டுங்க, ஸ்கிரீன்ல அதே டயர் இறங்குதான்னு பாருங்க, அப்புறம் மறுபடி அடிச்சுடுங்க.

9. டயர் இடம் மாத்தினா

முன்னாடி உள்ளத பின்னாடி போட்டா சென்சாரும் சேர்ந்துதான் போகும். இடத்த தானா கண்டுபிடிக்காத வண்டின்னா பழைய இடத்தையே காட்டிட்டு இருக்கும், பின் டயர்ல ஆணி ஏறியிருக்க நீங்க முன் டயர தடவிட்டு இருப்பீங்க. முன்னாடி 60 பின்னாடி 80ன்னு வேற வேற பிரஷர் இருக்குற வண்டில இன்னும் மோசம், காத்த மாத்தி அடிக்காம இடம் மாத்தினா உடனே லைட். முதல்ல இடம் மாத்தி, ரெண்டாவது காத்து சரி பண்ணி, மூணாவது ரீலேர்ன்.

10. மணல்ல காத்து இறக்கும்போது

15, 20க்கு இறக்கினா லைட் எரியத்தான் செய்யும், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா அந்த லைட் எரிஞ்சுட்டு இருக்குறப்ப ஒரு உண்மையான லீக் வந்தா அது உங்களுக்கு சொல்லாது, ஏற்கனவே கத்திட்டுதானே இருக்கு. நம்பர் காட்டுற வண்டின்னா லைட்ட விட்டுட்டு நம்பர பாருங்க. ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலை காத்து அடிக்கிறது. கீழ இறக்கின பிரஷர்ல ரீசெட் பட்டன அழுத்தி லைட்ட அணைச்சுட்டு ஹைவேல போறவங்கள பார்த்திருக்கேன், வேண்டாம், வண்டி அந்த 18ஐயே சரியான அளவுன்னு எடுத்துக்கும்.

நாலு சென்சாரையும் ஒரு பிவிசி குழாய்க்குள்ள போட்டு காத்து அடிச்சு சீட்டுக்கு கீழ வச்சு லைட்ட ஏமாத்துற வித்தையும் இருக்கு. அதுக்கு பதிலா லைட் மேல கறுப்பு டேப் ஒட்டலாம், அது குறைஞ்சபட்சம் பொய்யுன்னு நமக்கே தெரிஞ்ச பொய்.

11. எல்லாம் பண்ணியும் மின்னுதா

ஸ்டெப்னி மாட்டி ஓட்டுறீங்களா பாருங்க, அதுக்குள்ள சென்சார் இல்லன்னா மின்னும். அப்புறம் சிகரெட் லைட்டர் பிளக்குல சொருகியிருக்குற சார்ஜர், டேஷ்கேம், இன்வெர்ட்டர், மலிவான எல்இடி லைட் எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்க, சிலது இந்த அலைவரிசைலயே இரைச்சல் போடும். ஒரே இடத்துல நிறுத்தும்போது மட்டும் வந்து கிளம்பினதும் போயிடுதுன்னா வெளில இருந்து வர்ற சிக்னல், வண்டில ஒண்ணும் இல்ல.

நாலும் டூல்ல படிக்குது, ஐடி நாலும் உள்ள ஏறியிருக்கு, ஆனா வண்டி மட்டும் எதையுமே கேக்கலன்னா சென்சார் சிக்னல வாங்குற ரிசீவர் பக்கம் போகணும். அதுக்கு ஓபிடி ஸ்கேன்ல எரர் கோடு எடுத்துட்டு, அஞ்சாவதுல எழுதின அந்த நோட்டையும் கைல எடுத்துட்டு மெக்கானிக்கிட்ட போங்க. அவர் முதல்ல கேக்கப்போற நாலு கேள்விக்கும் பதில் அதுல இருக்கும்.